நாக்குக் கணக்கு

பத்து வயதில் என் முதல் சம்பளம்
நாக்கு அறுத்துக் கிடைத்தது.
பதற வேண்டாம்.
எங்கள் துறைமுகத்தில் பிள்ளைகளின் வேலை அது.
காட் மீனின் தலையை ஆணியில் குத்தி நிறுத்தி
தாடைக்கடியில் கத்தியை ஒரு சுழற்று.
கிலோவுக்கு இவ்வளவு என்று காசு.
இரண்டு குளிர்காலம் அறுத்து ஒரு சைக்கிள் வாங்கினேன்.
நரம்பில்லாத நாக்கு என்பார்கள்.
எனக்குத் தெரிந்த நாக்குகள் எல்லாம்
கடைசி நொடியில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

இப்போது இருபத்திரண்டு.
அதே பாரென்ட்ஸ் கடல், அதே வாடை.
மீன் ஆலையில் மூன்றாவது பட்டையில் நிற்கிறேன்,
தொப்பி, காதடைப்பான், நீலக் கையுறை.
எட்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேச முடியாது.
ஆகவே பார்க்கிறேன்.

சாப்பாட்டு அறையில் நாலு மேசை.
ஹீட்டரை ஒட்டி லிதுவேனியாக்காரர்கள்,
டைவா ரொட்டியில் கத்தி வைக்காமல் ஒருவரும் தொடுவதில்லை.
வாசலோரம் எரித்திரியாவின் தெஸ்ஃபாலெம்,
புதனும் வெள்ளியும் மட்டும் பருப்பு.
மேலாளர்கள் நின்றுகொண்டே தின்பார்கள்,
உட்கார்ந்தால் பதவி வழிந்துவிடும் போல.
பெட்டியில் ஒட்டும் லேபிளில் இதையெல்லாம் குறித்துவைப்பேன்.
முன்பக்கம் நிகர எடை, பிடித்த தேதி.
பின்பக்கம் மனிதர்கள்.

இதற்கு ஒரு படிப்பு இருக்கிறதாம்.
திரோம்சோவில், மானுடவியல் என்று.
அப்பா என்ஜின் எண்ணெயைக் கையில் தேய்த்தபடி கேட்டார்:
மனுசனை வேடிக்கை பார்க்கச் சம்பளமா?
கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருக்கும் அம்மா,
எனக்கு அதற்குத்தானே கொடுக்கிறார்கள் என்றாள்.
ஆலோசனை சொல்பவள் திரையை என் பக்கம் திருப்பினாள்:
படித்தவர்களில் பாதிப் பேர் நகராட்சியில்,
மீதிப் பேர் இன்னும் படிக்கிறார்கள்.
கடன் எவ்வளவு என்பதையும் காட்டினாள்,
அது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை துணிந்து தெஸ்ஃபாலெமிடம் கேட்டேன்,
விரதமா என்று.
கரண்டியை வைத்துவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார்.
அங்கே மதம் என்று எழுதியிருக்கிறாயா?
எழுதியிருந்தேன். அடிக்கோடும் போட்டிருந்தேன்.
விரதமும் உண்டு, என்றார்.
ஆனால் அந்த இரண்டு நாளும்
மனைவிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
எனக்குச் சமைக்கத் தெரிந்தது பருப்பு ஒன்றுதான்.

சிரித்தோம். லேபிளைக் கசக்கப் போனேன்.
இரு, என்றார்.
நான் வந்து நாலு வருடம்.
உங்கள் மேசையில் ஜன்னலோர நாற்காலியில்
ஏன் ஒருவரும் உட்காருவதில்லை?

எந்த நாற்காலி?

திரும்பிப் பார்த்தேன்.
துறைமுகம் முழுதும் தெரியும் இடம், வெயில் விழும் இடம்.
ஐந்து பேர் நாலு பேருக்கான பெஞ்சில் முழங்கை இடிக்க.
காப்பி எடுக்கப் போகிறவர்கள்
இடுப்பை ஒடுக்கி அதைச் சுற்றிப் போகிறார்கள்.
நானும் அப்படித்தான் போவேன், தினமும் இரண்டு முறை.
அது ஹால்வருடையது.
படகோடு அவர் போனது ஐந்து நவம்பருக்கு முன்னால்.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லி வைத்ததில்லை.

இரண்டு வருடக் குறிப்புகளைக் கட்டிலில் பரப்பினேன்,
நூற்றுச் சொச்சம் லேபிள்.
எங்கள் மேசைக்கு ஒன்றுகூட இல்லை.

இன்று ஏப்ரல் பதினைந்து. நள்ளிரவோடு விண்ணப்பம் மூடுகிறது.
பத்து மணிக்கும் வானம் சாம்பலாக விழித்திருக்கிறது.
முதல் விருப்பம் குளிர்பதன இயந்திரம், இரண்டாவது செவிலியர்,
மூன்றாவது அது.
அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன்.
செவிலியர் ஒரு படி இறங்கினாள்.
இன்னொருமுறை அழுத்தலாம். விரல் மீன் நாறுகிறது.

நாளை மதியம் அந்த நாற்காலியில்
உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று நினைக்கிறேன்.
உட்கார மாட்டேன் என்றும் தெரிகிறது.
இரண்டையும் எழுதிக்கொள்கிறேன்,
நிகர எடை ஐந்து கிலோ என்பதன் பின்னால்.